விருப்பப் பட்டியலுக்கு முன்னும் பின்னும்: பிளஸ் டூ மாணவருக்கும் பெற்றோருக்கும் ஒரு கல்லூரிச் சேர்க்கை வழிகாட்டி

பொறியியல் கலந்தாய்வில், சேர விரும்பும் கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசைப்படுத்தி எழுதும் விருப்பப் பட்டியலைப் பதிவு செய்யும் நாட்கள் வந்துவிட்டால், அந்த ஆண்டு பிளஸ் டூ முடித்த மாணவர்கள் பெற்றோருடன் எங்கள் பள்ளியின் கணினி அறைக்கு வந்து அமர்வது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒரு மாணவி கணிதத்தில் 92, இயற்பியலில் 86, வேதியியலில் 90 பெற்றிருந்தார். வேறு மாவட்டத்தில் இருந்த ஒரு கல்லூரியின் மின்னணு தொடர்பியல் பிரிவில் சேர வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருடைய தந்தையோ, ‘கிடைக்கிறதை முதலில் போட்டால்தானே இடம் உறுதி’ என்று சொல்லி, வீட்டுக்கு அருகில் இருந்த, எவருக்கும் எளிதில் இடம் கிடைக்கும் ஒரு கல்லூரியை முதலிடத்தில் வைத்து, மகள் கேட்டதைப் பதினான்காம் இடத்துக்குத் தள்ளினார். ஒதுக்கீடு வந்தபோது முதலிடத்தில் இருந்ததே கிடைத்தது. மகள் கேட்ட அதே பிரிவு, அதே சுற்றில், அவரைவிடத் தரவரிசையில் பின்னால் இருந்த அவருடைய தோழிக்குக் கிடைத்தது.

நான் நெடுநேரம் எடுத்துச் சொல்லியும் அந்தத் தந்தை ஏற்கவில்லை. அவர் அலட்சியமானவர் அல்லர். கலந்தாய்வு எப்படி இயங்குகிறது என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டவர், அவ்வளவுதான். கல்லூரிச் சேர்க்கையில் நடக்கும் பெரும்பாலான இழப்புகள் மதிப்பெண் குறைவால் நேர்வதில்லை, இத்தகைய புரிதல் பிழைகளால்தான் நேர்கின்றன என்பது என் அனுபவம். எனவே, தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வை மையமாக வைத்தும், அதன் அருகில் இருக்கும் பிற வழிகளைத் தொட்டும், ஒரு குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு

பொறியியலுக்கான நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. கணித மதிப்பெண்ணை அப்படியே 100-க்கும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பாதியாக்கித் தலா 50-க்கும் எடுத்துக்கொண்டு, 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். மேலே சொன்ன மாணவியின் கணக்கு 92, 43, 45 என மொத்தம் 180. கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் கூடும் இரண்டு மதிப்பெண்களுக்குச் சமம் என்பதைப் பிள்ளைக்குப் பதினோராம் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசி மாதத்தில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

ஒரே கட்-ஆஃப் பெற்றவர்கள் பலர் இருந்தால், முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் மதிப்பெண் என்று வரிசையாக ஒப்பிட்டு, எல்லாமே சமமாக இருக்கும்போது பிறந்த தேதியைப் பார்த்து, அதுவும் ஒன்றாக இருந்தால் மட்டுமே ‘ரேண்டம் எண்’ என்னும் சமவாய்ப்பு எண்ணுக்கு வருகிறார்கள். அந்த எண் வெளியான அன்று வீடுகளில் நடக்கும் கொண்டாட்டமும் கவலையும் தேவையற்றவை. பெரும்பாலானோருக்கு அது பயன்படுவதே இல்லை.

தரவரிசைப் பட்டியலில் பொதுத் தரவரிசை, இனவாரித் தரவரிசை என இரண்டு எண்கள் இருக்கும். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு அருந்ததியருக்கான 3 விழுக்காடு உட்பட 18, பழங்குடியினருக்கு 1 என்று பிரிகிறது. எஞ்சிய 31 விழுக்காடு பொதுப் பிரிவு இடங்கள் எல்லாப் பிரிவினருக்கும் உரியவை. எந்தச் சாதியையும் சேராதவருக்கென்றோ முற்பட்டோருக்கென்றோ ஒதுக்கப்பட்டவை அல்ல. இதைச் சொல்லும்போது இன்றும் சில பெற்றோர் வியப்பாகப் பார்க்கிறார்கள்.

தேர்வு முடிவுக்குக் காத்திராமல் செய்ய வேண்டியவை

பிளஸ் டூ முடிவுகள் பொதுவாக மே மாதத்தில் வெளியாகின்றன. 2024-இல் மே 6 அன்றும், 2025-இல் மே 8 அன்றும் வந்தன. பொறியியல் விண்ணப்பப் பதிவும் அதே வாரத்தில் தொடங்கிவிடுகிறது. அப்போது போய் இ-சேவை மையத்தின் வரிசையில் நிற்பதைவிட, அரையாண்டுத் தேர்வு விடுமுறையிலேயே சான்றிதழ்களை முடித்துவிடலாம். சாதிச் சான்றிதழ் பழைய அட்டை வடிவில் இருந்தால் மின்னணுச் சான்றாக மாற்றிக்கொள்ளுங்கள். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும் என்பதால், சேர்க்கை நடக்கும் மாதங்களில் காலாவதியாகாதபடி பார்த்து வாங்குங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்கு இருப்பிடச் சான்று தேவைப்படாது. இடையில் ஓராண்டு வெளி மாநிலத்தில் படித்திருந்தாலும் அதை வாங்கி வைக்க வேண்டும்.

குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லை என்றால், முதல் பட்டதாரிச் சான்றிதழ் கல்விக் கட்டணத்தில் பெரும் சலுகையைத் தரும். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே பெற்ற இடத்துக்குத்தான் அந்தச் சலுகை உண்டு. கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் வாங்கிய இடத்துக்கு இல்லை. இடைத்தரகர் எவரேனும் ‘அந்தச் சலுகையையும் வாங்கித் தருகிறோம்’ என்று சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

பெயரும் முன்னெழுத்தும் எல்லாச் சான்றிதழ்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று, எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி வைத்து, வரி வரியாகச் சரிபாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ்’, ஆதாரில் தந்தையின் முழுப் பெயர், சாதிச் சான்றில் தந்தை பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்று மூன்று விதமாக இருந்த ஒரு மாணவனுக்காக, கலந்தாய்வுச் சான்றிதழ் சரிபார்ப்பின்போது நான்கு நாட்கள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் பள்ளிக்குமாக அலைந்திருக்கிறேன். ஜனவரியில் செய்திருந்தால் அது ஒரு நாள் வேலை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீட்டை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்குகிறது. இதன் கீழ் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் உள்ளிட்டவற்றை அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அரசு உதவிபெறும் பள்ளி இந்தக் கணக்கில் சேராது என்பது பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. இரண்டு மூன்று பள்ளிகளில் மாறிப் படித்தவர்கள் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்றைத் தேர்வுக்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது. கோடை விடுமுறையில் தலைமையாசிரியரின் கையெழுத்துக்காக அலைவது எளிதன்று.

இன்னொன்றும் உண்டு, அது சிறியதாகத் தோன்றும். விண்ணப்பத்தில் பதிவாகும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையாக இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் அவசரத்துக்குக் கடைக்காரரின் மின்னஞ்சலைப் போட்டுவிட்டு, பின்னர் கடவுச்சொல்லை மீட்க அவருடைய கடை திறக்கும்வரை காத்திருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். ‘இலவசமாகப் பதிவு செய்து தருகிறோம்’ என்று சொல்லும் இடங்களில் பயனர் பெயரையும், கடவுச்சொல்லையும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.-யையும் கொடுத்துவிட்டு வந்தால், உங்கள் பிள்ளையின் விருப்பப் பட்டியலை வேறு யாரோ எழுதக்கூடும். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 250 ரூபாய். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் மாவட்டந்தோறும் நடத்தும் உதவி மையங்களில் எந்தக் கூடுதல் செலவும் இல்லாமல் பதிவு செய்யலாம். அங்கே போவதே சிறந்தது.

எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி

இந்தக் கேள்விக்கு வீட்டில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா, கிடைக்காதா’ என்பதோடு முடிந்துவிடுகிறது. நான் பரிந்துரைப்பது வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் எட்டுப் பருவப் பாடத்திட்டம் இருக்கிறது. பிள்ளை விரும்புவதாகச் சொல்லும் இரண்டு மூன்று பிரிவுகளின் பாடத்திட்டத்தை அச்செடுத்து, மூன்றாம், நான்காம் பருவப் பாடங்களை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு பருவங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பிரிவின் முகம் மூன்றாம் பருவத்தில்தான் தெரியும். இயந்திரவியல் வேண்டும் என்று சொன்ன ஒரு மாணவன், வெப்ப இயக்கவியலும் பாய்ம இயக்கவியலும் வரிசையாக இருப்பதைப் பார்த்து, தனக்கு வண்டி ஓட்டத்தான் பிடிக்கும் என்பதைத் தானே கண்டுகொண்டான். அவனை நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை.

செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு என்று பல புதிய பெயர்கள் வந்திருக்கின்றன. இவற்றின் பாடத்திட்டத்தைக் கணினி அறிவியலின் பாடத்திட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடித்தளப் பாடங்களில் பெரும்பகுதி பொதுவாகவே இருப்பது தெரியும். எனவே பெயரைவிட, அதை நடத்துவதற்கு அந்தக் கல்லூரியில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். துறையின் இணையப் பக்கத்தில் உள்ள ஆசிரியர் பட்டியலை எடுத்து, அவர்களுடைய பட்டங்களையும் எத்தனை ஆண்டுகளாக அங்கே பணியாற்றுகிறார்கள் என்பதையும் பாருங்கள். நடுத்தரத் தரவரிசையில் இருக்கும் ஒரு மாணவருக்கு, ஆசிரியர் நிலைத்து நிற்காத கல்லூரியின் ‘ஏ.ஐ.’ பிரிவைவிட, பழைய நல்ல கல்லூரியின் மின்னியல் அல்லது மின்னணுவியல் பிரிவு மேலானது என்பது என் கருத்து. இதை ஏற்காதவர்களும் இருப்பார்கள். ஆனால், வேலைக்கு ஆள் எடுக்க வரும் மென்பொருள் நிறுவனங்களில் பல, பிரிவு பார்க்காமல் கல்லூரி பார்த்தே வருகின்றன என்பதை அவர்களும் மறுக்கமாட்டார்கள்.

கல்லூரியைக் குறித்துப் பேசும்போது மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். ‘நாக்’ என்பது கல்லூரியை மொத்தமாக மதிப்பிட்டு ஏ பிளஸ் பிளஸ் முதலான தரங்களைத் தருவது. ‘என்.பி.ஏ.’ என்பது ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியே அங்கீகரிப்பது. ஆகவே ஒரு கல்லூரிக்கு என்.பி.ஏ. இருக்கிறது என்று சொன்னால், ‘எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை’ என்று கேட்க வேண்டும். ‘என்.ஐ.ஆர்.எஃப்.’ என்பது 2016 முதல் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிடும் தரவரிசை. விளம்பரப் பலகையில் மூன்றும் ஒன்றாகக் கலந்து எழுதப்பட்டிருக்கும்.

தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் அந்தக் கல்லூரியே வகுத்துக்கொள்கிறது. இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டமும் தேர்வும்தான். இரண்டிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பட்டமே கிடைக்கும். தன்னாட்சி என்பது நல்ல கைகளில் நல்லது. மற்ற கைகளில், தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்திக் காட்டும் எளிய வழியாகிவிடும். கிண்டி, குரோம்பேட்டை போன்ற பல்கலைக்கழக வளாகக் கல்லூரிகளுக்கும் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்கும் கட்டணம் குறைவு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கல்லூரியை நேரில் பார்ப்பதற்கு இணையான வழி எதுவும் இல்லை. ஆனால், அவர்களாக அழைத்துக் காட்டும் நாளில் போகாதீர்கள். வகுப்பு நடக்கும் ஒரு சாதாரண நாளில், மாலை வகுப்பு முடியும் நேரத்தில் போய், வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நின்று மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் பேசுங்கள். முதல் ஆண்டு மாணவருக்கு இன்னும் தெரியாது. இறுதி ஆண்டு மாணவர் அவசரத்தில் இருப்பார். அவர்களிடம் ‘கல்லூரி எப்படி’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கும்’ என்ற பதில்தான் வரும். ‘இந்தப் பருவத்தில் எத்தனை ஆசிரியர்கள் பாதியில் மாறினார்கள்’, ‘ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர்’, ‘உங்கள் வகுப்பில் அரியர் இல்லாதவர்கள் எத்தனை பேர்’, ‘விடுதியில் இணைய வசதி எத்தனை மணி வரை’ என்று கேட்டுப் பாருங்கள், உண்மை தானாக வரும்.

வேலைவாய்ப்பு எண்களை வாசிக்க ஒரு தனிக் கண் வேண்டும். ‘நூறு விழுக்காடு’ என்று எழுதியிருந்தால், அது மொத்த மாணவர்களில் நூறா, அல்லது அரியர் இல்லாமல் தகுதி பெற்று, விருப்பம் தெரிவித்துப் பதிவு செய்தவர்களில் நூறா என்று கேளுங்கள். ஒரே மாணவர் மூன்று நிறுவனங்களில் தேர்வாகியிருந்தால் சில இடங்களில் அது மூன்று வேலையாக எண்ணப்படுகிறது. உச்ச ஊதியம் எவ்வளவு என்பது ஒருவரைப் பற்றிய செய்தி. நடுவில் இருக்கும் மாணவர் எவ்வளவு பெற்றார் என்பதே உங்கள் பிள்ளையைப் பற்றிய செய்தி.

பட்டியலை அடுக்குதல்

இனி, தொடக்கத்தில் சொன்ன தந்தையின் பிழைக்கு வருவோம். கணினி ஒதுக்கீடு செய்யும் முறை எளியது. தரவரிசைப்படி ஒருவர் பின் ஒருவராக எடுத்து, அவருடைய பட்டியலின் முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போகிறது. இல்லையென்றால் இரண்டாவது விருப்பத்தைப் பார்க்கிறது. கிடைக்காத ஒன்றை நீங்கள் மேலே எழுதியதற்காகக் கீழே உள்ள எதையும் இழப்பதில்லை. உங்கள் முறை வரும்போது பட்டியல் முழுவதும் ஒரே நொடியில் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகிறது. ஆகவே, ஆசையின் வரிசைதான் பட்டியலின் வரிசை. ‘கிடைக்குமா’ என்பது கணினி பார்த்துக்கொள்ளும் கேள்வி. ‘இவ்விரண்டும் கிடைத்தால் எதில் சேர்வேன்’ என்பது மட்டுமே நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

விருப்பங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. பத்துப் பதினைந்தோடு நிறுத்துபவர்கள்தான் ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள். சென்ற ஆண்டு ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும், இனவாரியாக, கடைசியாக இடம் பெற்றவரின் விவரங்கள் கலந்தாய்வு இணையதளத்தில் கிடைக்கும். அவற்றைப் பார்க்கும்போது கட்-ஆஃப் மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்ணை நம்புங்கள். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லோருடைய கட்-ஆஃப்பும் உயர்ந்துவிடும், கடினமான ஆண்டில் தாழ்ந்துவிடும். சென்ற ஆண்டின் 180 இந்த ஆண்டின் 180-க்குச் சமமாக இருக்க வேண்டியதில்லை. பத்தாயிரமாவது இடத்தில் இருப்பவர் எந்த ஆண்டிலும் பத்தாயிரமாவது ஆள்தான்.

எங்கள் பள்ளியில் நான் பின்பற்றும் வழி இது. முதலில் ஒரு நோட்டில், சென்ற ஆண்டு நிலவரத்தைப் பார்க்காமலேயே, மாணவர் உண்மையில் சேர விரும்பும் கல்லூரி, பிரிவு இணைகளை எழுதச் சொல்வேன். பிறகு சென்ற ஆண்டின் தரவரிசையை ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் குறிப்போம். தன் தரவரிசைக்கு எட்டாத உயரத்தில் இருப்பவை சில, அருகில் இருப்பவை பல, எளிதில் கிடைப்பவை சில என்று அமைந்திருந்தால் பட்டியல் ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள். எளிதில் கிடைப்பவை ஒன்றும் இல்லை என்றால் அடியில் சேர்ப்போம். மேலே உள்ளவற்றை அழிக்கமாட்டோம். கிடைத்தாலும் சேரமாட்டேன் என்ற கல்லூரியைப் பட்டியலின் எந்த மூலையிலும் எழுதக் கூடாது. இறுதியில் நோட்டில் உள்ளதை இணையத்தில் ஏற்றும்போது, ஒருவர் கல்லூரிக் குறியீட்டு எண்ணை உரக்க வாசிக்க, இன்னொருவர் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரே மாதிரிப் பெயருடைய கல்லூரிகள் பல இருப்பதால், பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவோம். குறியீட்டு எண் ஏமாற்றாது. எல்லாம் முடிந்ததும் லாக் செய்து, பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒதுக்கீடு வந்த பிறகு

முதலில் வருவது உறுதி செய்யப்பட வேண்டிய ஒதுக்கீடு. அதற்கு இரண்டொரு நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். கிடைத்தது போதும் என்றால் ‘அக்செப்ட் அண்ட் ஜாயின்’. கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே எழுதிய விருப்பங்களில் இடம் காலியானால் மாறிக்கொள்ள விரும்பினால் ‘அக்செப்ட் அண்ட் அப்வர்டு’. இதைத் தேர்ந்தவர்கள் உரிய நாட்களுக்குள் உதவி மையத்தில் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். மேல் விருப்பம் கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே பறிபோகும், திரும்ப வராது. இதனால்தான், பட்டியலில் மேலே எழுதிய ஒவ்வொன்றும் கீழே உள்ளதைவிட உண்மையிலேயே உங்களுக்கு வேண்டியதாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

கையில் இருப்பதை விட்டுவிட்டு மேல் விருப்பங்களுக்கு மட்டும் காத்திருப்பது, அல்லது அடுத்த சுற்றுக்குப் போவது என்ற வழிகளும் உண்டு. நான் அறிந்தவரை, கோபத்தில் எடுக்கப்படும் முடிவுகள் இவை. அடுத்த சுற்றில் இடங்கள் குறைந்தே இருக்கும். முற்றிலும் வெளியேறும் வாய்ப்பை, வேறு கல்லூரியில் கட்டணம் கட்டிய ரசீது கையில் இருந்தாலொழியத் தொடாதீர்கள். பதிலே சொல்லாமல் விட்டால் இடம் போய்விடும். அதைவிட வருத்தமான இழப்பு வேறில்லை.

பொறியியலுக்கு என்று ஒற்றைக் காலில் நிற்காமல், இணையாக மற்ற விண்ணப்பங்களையும் போட்டு வைப்பது விவேகம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் மிகக் குறைந்த கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். உயிரியல் படித்தவர்களுக்கு வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகியவற்றின் மாநிலச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையிலேயே நடக்கிறது. ஐந்தாண்டுச் சட்டப்படிப்புக்கு மாநிலச் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்க்கிறது. கட்டடக் கலைக்கு மட்டும் ‘நாட்டா’ போன்ற தகுதித் தேர்வு எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொன்றின் கடைசி நாளையும் சுவர் நாட்காட்டியில் எழுதி வையுங்கள், அவை ஒரே வாரத்தில் வந்து விழும்.

பணம்

பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் சுயநிதிக் கல்லூரிகளும் தொலைபேசியில் அழைத்து, ‘இப்போது முன்பணம் கட்டினால்தான் இடம்’ என்று அவசரப்படுத்தும். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் எதிர்காலம் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டிவிடுகிறார்கள். கட்டுவதற்கு முன் திரும்பப் பெறும் விதியை எழுத்தில் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாட்களுக்கு முன்பே விலகினால் சிறு பிடித்தம் போக முழுத் தொகையும், அந்தக் கடைசி நாளுக்குப் பின் 15 முதல் 30 நாட்களுக்குள் விலகினால் பாதியும் திரும்ப வர வேண்டும். 30 நாட்களைக் கடந்துவிட்டால் ஒன்றும் வராது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டுமே தவிர, கல்லூரி அவற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. இதை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தாலே எதிரில் இருப்பவரின் குரல் தணியும்.

செலவைக் கணக்கிடும்போது கல்விக் கட்டணத்தை நான்கால் பெருக்கி நிறுத்திவிடாதீர்கள். பேருந்து அல்லது விடுதி, தேர்வுக் கட்டணம், ‘வேலைவாய்ப்புப் பயிற்சி’ என்ற பெயரில் வசூலிக்கப்படும் தொகை, மடிக்கணினி எல்லாம் சேர்ந்து பல வீடுகளில் கல்விக் கட்டணத்தையே தாண்டிவிடுகின்றன. சுயநிதிக் கல்லூரிகளுக்கு அரசு அமைத்த கட்டண நிர்ணயக் குழு உச்ச வரம்பு விதித்திருக்கிறது. கல்லூரி கேட்கும் தொகை அதைத் தாண்டினால் ரசீதில் எந்தத் தலைப்பில் எழுதித் தருகிறார்கள் என்று பாருங்கள்.

அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலும் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மேல்படிப்பு உதவித்தொகை உண்டு. கல்விக் கடன் வேண்டுவோர் வித்யாலட்சுமி இணையதளம் வழியே விண்ணப்பிக்கலாம். 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதித் திட்டம் இருப்பதால், சொத்துப் பிணை கேட்கும் கிளை மேலாளரிடம் அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். படிக்கும் காலத்திலும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, கல்லூரிக்கும் உரிய தர அங்கீகாரம் இருந்தால், அந்தக் கால வட்டிக்கு மானியம் கோரலாம். மற்றவர்கள் முடிந்தால் வட்டியை மட்டுமாவது மாதந்தோறும் கட்டிவருவது பின்னால் பெரிய சுமையைத் தவிர்க்கும்.

கல்லூரியில் சேரும் நாளன்று ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஐந்து நகல்கள், மாற்றுச் சான்றிதழின் அசல், ஒதுக்கீட்டு ஆணை, பத்துப் புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். மாற்றுச் சான்றிதழைக் கொடுப்பதற்கு முன் அதைக் கட்டாயம் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள், அது திரும்பக் கையில் வர ஆண்டுகள் ஆகலாம். எந்தெந்த அசல் ஆவணத்தைக் கொடுத்தீர்கள் என்று அலுவலகத்தின் முத்திரையோடு எழுதி வாங்கிக்கொண்டு, கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது பெற்ற பிறகே அந்த மேசையை விட்டு எழுந்திருங்கள்.